1200 சீடியும் ஒரு பழைய கணினியும்

தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். ஊரில் மூடப்பட்ட ஒரு பழைய றெக்கோடிங் பாரில், அதாவது பாட்டுப் பதிந்து விற்கிற கடையில், மிஞ்சிக் கிடந்த ஏறக்குறைய 1200 சீடிகளை உங்கள் சனசமூக நிலையத்துக்குத் தந்துவிட்டார்கள். சினிமாப் பாட்டு, அம்மன் பாட்டு, நாதஸ்வரக் கச்சேரி, வில்லிசை, மேலே ஒன்றுமே எழுதாத வெற்று டிஸ்க் எல்லாம் கலந்து ஏழெட்டுப் பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்ற எப்படிப்பட்ட மெஷின் வாங்க வேண்டும், எவ்வளவு முடியும், எம்.பி.3 ஆக எடுத்தால் போதுமா, எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்கிறீர்கள்.

நானும் சில வருடங்களுக்கு முன் இதே வேலையில் இறங்கி, இரண்டு தடவை பிழைவிட்டு, மூன்றாம் தடவைதான் ஒழுங்காகச் செய்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து இருங்கள்.

முதலில் மெஷின். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். ஒரு சீடி 40 மடங்கு வேகத்தில் சுழன்றாலும் அதிலிருந்து வினாடிக்கு 7 மெகாபைட் சொச்சம்தான் வெளியே வரும், பத்து வருடப் பழைய ஒஃபிஸ் கணினிக்குக்கூட அது தூசு. மூன்றாம் நான்காம் தலைமுறை ஐ3 ஒன்று, 8 ஜிபி ராம், விண்டோஸுக்கு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி, பாட்டுக்கு 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் போதும். கேசிங்கை மட்டும் பார்த்து எடுங்கள். இப்போது வருகிற கண்ணாடிப் பெட்டிகளில் சீடி ட்ரைவ் பூட்ட இடமே இல்லை, முன்பக்கம் இரண்டு மூன்று ட்ரைவ் பூட்டக்கூடிய பழைய இரும்புப் பெட்டிதான் உங்களுக்குத் தேவை. யாழ்ப்பாணத்தில் ஸ்ரான்லி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கம் கணினி திருத்தும் கடைகளில் கேட்டால் ஒரு மூலையில் இப்படி நாலைந்து கிடக்கும், பல இடத்தில் எடுத்துக்கொண்டு போனால் காணும் என்று இருப்பார்கள்.

காசைச் செலவழிக்க வேண்டியது ட்ரைவுகளுக்கு. மூன்று ட்ரைவ் பூட்டுங்கள், மூன்றும் வேறு வேறு கம்பனியாக இருக்கட்டும். இது அழகுக்குச் சொல்லவில்லை. ஒரு ட்ரைவ் வாசிக்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிற சீடியை இன்னொன்று ஒரு சத்தமும் இல்லாமல் வாசித்துவிடும், எனக்கு நூற்றில் ஐந்தாறு டிஸ்க் அப்படித்தான் தப்பின. பயனியர், எல்ஜி, லைட்ஒன் எதுவானாலும் சரி, பழைய பிளெக்ஸ்டர் ஒன்று அகப்பட்டால் விடாதீர்கள். சாட்டா வயர் போகிற ட்ரைவாக இருக்க வேண்டும், பட்டையான ரிப்பன் வயர் போகிற பழைய ஐடிஈ ட்ரைவில் மினக்கெட வேண்டாம். லப்டொப்புக்குச் செருகுகிற மெல்லிய யு.எஸ்.பி ட்ரைவ் ஒன்றிரண்டு சீடிக்குச் சரி, 1200க்கு இழுக்காது. அதுவும் மூன்றை ஒரே மலிவு ஹப்பில் செருகினால் கரண்ட் போதாமல் ஒன்று மாறி ஒன்று மயங்கி விழும்.

கரண்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாதி டிஸ்க்கில் கரண்ட் போனால் அந்த டிஸ்க் மட்டுமல்ல, எழுதிக்கொண்டிருக்கிற ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து பழுதாகலாம். 650 வி.ஏ அளவில் ஒரு யு.பி.எஸ் போதும், ஓடுகிற டிஸ்க்கை முடித்து ஒழுங்காக நிறுத்த அது நேரம் தரும். ஒக்டோபர், நவம்பர் மழையில் இடி முழங்கினால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போய்ப் படுங்கள். மற்றது சூடு. மத்தியானத்தில் மூன்று ட்ரைவும் விடாமல் ஓடினால் பெட்டி கொதிக்கும், கொதித்த ட்ரைவ் நல்ல சீடியிலும் பிழை காட்டும். நான் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகுதான் தொடங்குவேன், பக்கத்தில் ஒரு மேசை ஃபேனும் ஓடும்.

சரி, எம்.பி.3யா வேறா என்ற கேள்வி. வேறு. ஃபிளாக்கில் (FLAC) எடுங்கள், அது தரம் குறையாமல் சுருக்கி வைக்கிற கோப்பு வகை. ஒரு மணித்தியாலப் பாட்டு சீடியில் 635 மெகாபைட் அளவு, ஃபிளாக்கில் அது அநேகமாக 350 மெகாபைட்டுக்குக் கிட்ட வரும், ஒரு துளியும் குறையாது. 1200 சீடிக்கு 420 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு அது ஒரு பெரிய கணக்கே இல்லை. ஃபிளாக்கிலிருந்து எம்.பி.3 எப்போது வேண்டுமானாலும் ஒரு இரவில் மாற்றி எடுக்கலாம். மற்றப் பக்கம் திரும்ப முடியாது. என் முதல் பிழை இதுதான்: கணினியோடு வந்த ஒரு ப்ளேயரில் 128 கிலோபிட் எம்.பி.3 ஆக 300 சீடி எடுத்து முடித்தேன், அப்போது ஹார்ட் டிஸ்க் விலை என்று ஒரு நொண்டிச்சாட்டு. பிறகு நல்ல ஸ்பீக்கரில் நாதஸ்வரத்தைப் போட்டுக் கேட்டபோது சீவாளிச் சத்தம் தகரத்தில் தேய்த்த மாதிரி இருந்தது. 300ஐயும் திரும்ப எடுத்தேன். கச்சேரி சீடிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆலாபனை ஒரு ட்ராக், கீர்த்தனை அடுத்த ட்ராக் என்று நடுவில் வெட்டியிருப்பார்கள், ஃபிளாக்கில் அது ஒட்டினபடி ஓடும், எம்.பி.3யில் பல ப்ளேயர்களில் சுருதிக்கு நடுவே ஒரு விக்கல் கேட்கும்.

இனி மென்பொருள். "சும்மா இழுத்துப் போட்டுக் கொப்பி பண்ணினால் என்ன?" என்று கேட்பீர்கள், எல்லாரும் கேட்பதுதான். கோப்புகள் உள்ள டேட்டா சீடியில் ஒவ்வொரு துண்டிலும் 2352 பைட்டில் 2048தான் விஷயம், மிச்சத்தின் பெரும்பகுதி பிழை பிடிக்கவும் திருத்தவும் என்று ஒதுக்கியது. பாட்டு சீடியில் 2352உம் பாட்டுத்தான், அந்த மேலதிகக் காவல் இல்லை. அதனால் ஒரு கீறலில் ட்ரைவ் தடுக்கி விழுந்தால் அது உங்களுக்குச் சொல்லாது, முன்னையும் பின்னையும் பார்த்து நடுவில் ஏதோ ஒன்றை நிரப்பிவிட்டுப் போய்விடும். ப்ளேயரில் கேட்க அது நல்லது, சேமித்து வைக்க அது பொய். ஆகவே ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து ஒப்பிட்டுப் பார்க்கிற மென்பொருள் வேண்டும்.

இலவசமாக எக்ஸாக்ட் ஆடியோ கொப்பி இருக்கிறது, பழையது, முகம் அழகில்லை, ஆனால் கெட்டிக்காரன். லினக்ஸ் பழக்கம் என்றால் விப்பர். ஆனால் உங்கள் எண்ணிக்கைக்குக் காசு கொடுத்து டிபி பவர்ஆம்ப் வாங்கலாம் என்பேன், ஒவ்வொரு ட்ரைவுக்கும் ஒரு ஜன்னலாகத் திறந்துவைத்து மூன்றையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம். அடம்பிடிக்கிற டிஸ்க்குகளை மட்டும் ஒதுக்கி வைத்துக் கடைசியில் எக்ஸாக்ட் ஆடியோ கொப்பியில் 8 மடங்கு வேகத்துக்குக் குறைத்து ஓடவிடுங்கள். இரவு போட்டால் விடியும்போதுதான் சில டிஸ்க் முடியும்.

இவை எல்லாவற்றிலும் அக்குரேட்ரிப் என்று ஒரு வசதி வரும். அதே சீடியை உலகத்தில் வேறு யாராவது எடுத்திருந்தால் அவர்களுக்கு வந்த கூட்டுத்தொகையும் (எடுத்த பாட்டு முழுவதையும் கணக்குப் போட்டு வருகிற சரிபார்ப்பு எண்) உங்களுக்கு வந்ததும் ஒன்றா என்று இணையத்தில் பார்த்துச் சொல்லும். முன்பின் தெரியாத பத்துப் பேருக்கும் உங்களுக்கும் ஒரே எண் வந்தால் அந்த டிஸ்க்கைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை, அடுத்ததைப் போடலாம். ஒவ்வொரு ட்ரைவும் தொடங்குகிற இடத்தில் கொஞ்சம் தள்ளி வாசிக்கும், ஒன்று 6 சாம்பிள், இன்னொன்று 667 சாம்பிள் (சாம்பிள் என்பது ஒலியின் மிகச் சின்னத் துண்டு). காதுக்குத் தெரியாது, 667 என்றாலும் வினாடியில் நூற்றில் ஒன்றரைப் பங்குதான், ஆனால் கூட்டுத்தொகை பிழைக்கும். அதற்காகத்தான் முதலில் நன்றாக விற்பனையான நாலைந்து சினிமா ஒறிஜினல் சீடிகளைப் போடச் சொல்கிறேன், அவற்றை வைத்து மென்பொருள் தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். கியூரிப்பர் என்ற இன்னொரு இலவச மென்பொருள் பயன்படுத்துகிற தரவுத்தளத்தில் திருத்தும் தரவும் சேர்ந்து கிடக்கிறது, கீறல் விழுந்த சினிமா சீடியில் கொஞ்சப் பிழைதான் என்றால் அதைக் கொண்டு உண்மையாகவே திருத்தி எடுக்கலாம். நான் நம்பாமல்தான் செய்து பார்த்தேன், ஏழாவது பாட்டில் இருந்த டிக் டிக் போய்விட்டது.

இதெல்லாம் சினிமா சீடிக்கு. உங்களிடம் இருக்கிற பொக்கிஷம் அது இல்லையே. கோயிலடியில் கும்பாபிஷேகத்துக்கு வெளியிட்ட 200 கொப்பி சீடி, கணினியில் எரித்துக் கையால் பேர் எழுதிய சீடி, இவற்றை உலகத்தில் வேறு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள், அக்குரேட்ரிப் கையை விரித்துவிடும். இவற்றுக்கு ஒரே வழி, அதே டிஸ்க்கை இரண்டு தடவை முழுதாக வாசித்து இரண்டு கூட்டுத்தொகையும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது, முடிந்தால் இரண்டாம் தடவை வேறு ட்ரைவில். நேரம் இரட்டிக்கும். ஆனாலும் தொடங்குவது இவற்றிலிருந்துதான், ஏனென்றால் எரித்த சீடியில் பாட்டு இருப்பது ஒரு சாயப் படையில், வெயிலும் ஈரமும் அதைத் தின்றுகொண்டே இருக்கின்றன. சினிமா சீடி இன்னும் பத்து வருடம் பொறுக்கும், இல்லாவிட்டால் வேறு யாரிடமாவது இருக்கும். 2004இல் எரித்த வில்லிசை இந்த மாரியைத் தாண்டுமா என்பதே சந்தேகம்.

போடுவதற்கு முன் ஒவ்வொரு சீடியையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். ஊசிக் குத்து மாதிரி வெளிச்சம் தெரிந்தால் வெள்ளிப் படை அரித்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மருந்து இல்லை, எடுக்கக்கூடியதை எடுங்கள். எல்லாரும் அடிப்பக்கக் கீறலுக்குத்தான் பயப்படுவார்கள், உண்மையில் மேல்பக்கம்தான் நோஞ்சான்: பாட்டு இருக்கிற படைக்கும் உங்கள் நகத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய வார்னிஷும் மையும் மட்டுமே, அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் பிளாஸ்ரிக் இருக்கிறது. பூஞ்சணம் பிடித்திருந்தால் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்ட தண்ணீரில் கழுவி, பழைய வேட்டித் துண்டால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக இல்லை. பற்பசை போட்டுத் தேய்க்கிற வைத்தியத்தை யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். பிளாஸ்ரிக் கவரோடு ஒட்டிப்போன டிஸ்க்கை இழுக்கவே வேண்டாம், கவரைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்து, மெல்ல மெல்ல உரித்தால்தான் மை கையோடு வராது.

இனித்தான் உண்மையான வேலை, பேர் எழுதுவது. கணினி களைக்காது, கை களைக்கும்.

என் இரண்டாவது பிழை இங்கே. பேர் தெரியாத சீடிகளை "பிறகு பார்ப்போம்" என்று பேர் இல்லாமலே எடுத்துக்கொண்டு போனேன். மென்பொருள் எல்லாவற்றையும் "தெரியாத கலைஞர்", அதற்குள் "தெரியாத அல்பம்", அதற்குள் "ட்ராக் 01" என்று ஒரே அடைவில் போட்டது, ஒன்றின் மேல் ஒன்றாக. பதினொரு சீடி போட்டேன், முடிவில் இருந்தது கடைசியாகப் போட்ட ஒன்று மட்டும். அதற்குள் டிஸ்க்குகளைச் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று, அவர் அவற்றைக் கொழும்பில் மகள் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இப்போது நான் எந்த சீடியையும் எண் இல்லாமல் ட்ரைவுக்குள் விடுவதில்லை. 0001இல் தொடங்கி கவரில் ஓர் எண் எழுதுங்கள், டிஸ்க்கின் மேல் போல்பொயின்ற் பேனை வைக்கவே கூடாது, ஸ்டிக்கரும் ஒட்டக்கூடாது. அதே எண்ணில் கணினியில் ஓர் அடைவு. அதே எண்ணில் ஒரு கொப்பியிலோ எக்செல்லிலோ ஒரு வரி. கவரையும் டிஸ்க்கின் முகத்தையும் விறாந்தை நிழலில் வைத்து ஃபோனில் ஒரு படம், அதுவும் அந்த அடைவுக்குள் போக வேண்டும், ஏனென்றால் மிருதங்கம் வாசித்தவர் பேர், ஒலிப்பதிவு செய்த இடம் எல்லாம் பல தடவை கவரின் ஓரத்தில் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

இணையத் தரவுத்தளம் தானாகப் பேர் போடும் என்று நம்பி இருக்காதீர்கள். சினிமாவுக்கு மியூசிக்பிரெயின்ஸ் ஓரளவு தரும். பழைய ஃப்ரீடிபி 2020இல் மூடிவிட்டது, அதன் வழித்தோன்றல் ஒன்று ஓடுகிறது, ஆனால் அது ட்ராக்குகளின் எண்ணிக்கையையும் நீளத்தையும் வைத்துச் செய்த ஒரு குட்டி எண்ணைப் பார்த்துப் பேர் சொல்வது. எனக்கு ஒரு தடவை எட்டுப் பாட்டு உள்ள பிள்ளையார் பாட்டு சீடிக்கு யாரோ ஒரு ஜெர்மன் றொக் குழுவின் பேரைப் போட்டுத் தந்தது. தானாக ஏற்கும்படி விட்டிருந்தால் பிள்ளையார் இன்றைக்கும் கிற்றார் வாசித்துக்கொண்டிருப்பார்.

தமிழில் எழுதுங்கள், யுனிகோடில். ஆனால் முழுப் பேரையும் கோப்பின் பேராக வைக்க வேண்டாம். லினக்ஸில் ஓடுகிற சேமிப்புப் பெட்டிகளில் கோப்புப் பேருக்கு 255 பைட்தான் எல்லை, தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். "நல்லூர்" என்பது நமக்கு நாலு எழுத்து, கணினிக்கு அது 7 குறி, 21 பைட். பின்னால் வருகிற ஃபிளாக் ஒட்டையும் சேர்த்தால் நல்லூரைப் பன்னிரண்டு தடவை எழுத முன்பே இடம் முடிந்துவிடும், நம்மவர்கள் பக்திப் பாட்டுக்கு வைக்கிற தலைப்புகளின் நீளம் உங்களுக்குத் தெரியும். கோப்புக்கு எண்ணும் ஒரு சின்னப் பேரும், முழு விபரம் உள்ளே டாக்கில், அதாவது கோப்புக்குள்ளேயே விபரம் எழுதுகிற இடத்தில். ஃபிளாக்கின் டாக் யுனிகோட்தான், எவ்வளவு நீளமும் தாங்கும். பிக்கார்ட் அல்லது எம்.பி.3டாக் என்ற மென்பொருளில் மொத்தமாகத் திருத்தலாம்.

2000களில் எரித்த டேட்டா சீடிகளில் பேர்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாக, நடுவில் அரைப்புள்ளியும் போட்டுத் தெரிந்தால் அது வைரஸ் இல்லை, பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ். பாமினியை யுனிகோடாக்கும் மாற்றி இணையத்தில் கிடக்கிறது, ஒட்டினால் அழகாகத் தமிழ் வரும். அப்படியான டிஸ்க்கில் எம்.பி.3 கோப்புகள் 150 இருந்தால் அப்படியே கொப்பி பண்ணுங்கள், ஃபிளாக்காக மாற்றினால் பருமன்தான் கூடும். வாசிக்க மறுத்தால், பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கிற டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். வீசீடி என்றால் உள்ளே இருக்கிற பெரிய டாட் கோப்பை எடுத்தால் சரி.

ஒரு கலைஞருக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என்று முதல் நாளே முடிவெடுங்கள். தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியையே தெட்சணாமூர்த்தி, தட்சணாமூர்த்தி என்று மூன்று விதமாகக் கவரில் பார்த்திருக்கிறேன், கணினிக்கு அது மூன்று ஆள். அவர் 1975இல் காலமானவர், சீடி கடைக்கு வந்ததே 1982இல். ஆகவே அவருடைய வாசிப்பு உள்ள எந்த சீடியும் ஒரு ரேப்பிலிருந்தோ கசற்றிலிருந்தோ, பல தடவை கசற்றின் கசற்றிலிருந்தோ வந்தது. அதையும் அந்த வரியில் குறித்து வையுங்கள், மூலக் கசற் யாரிடமாவது இருந்தால் அதுதான் பெரியது. சீடியில் இருக்கிற இரைச்சலைக் கணினியில் சுத்தம் செய்யலாம் என்று கை பரபரக்கும், செய்யாதீர்கள், வந்தபடியே ஒரு பிரதி இருக்கட்டும், சுத்தம் செய்வது தனிப் பிரதியில்.

கணக்குக்கு வருவோம். துடைத்து, போட்டு, பேர் எழுதி, ஒரு சீடிக்குச் சராசரி 12 நிமிடம் என்றால் 1200க்கு 240 மணித்தியாலம். மூன்று ட்ரைவுக்கு 80. பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலம் இருந்தால் 40 பின்னேரம் என்று கடதாசியில் வரும். நம்பாதீர்கள், தட்டச்சு பின்தங்கும், யாராவது வந்து கதைப்பார்கள், மூன்று மாதம் வையுங்கள். ஒருவர் டிஸ்க் மாற்ற, ஒருவர் தட்ட என்று இரண்டு பேர் இருந்தால் நன்றாக ஓடும்.

எடுத்ததற்கு இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி, ஒன்று நிலையத்தில், மற்றது வேறு வீட்டில், முடிந்தால் மூன்றாவது வெளிநாட்டில் இருக்கிற ஒருவரிடம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த ஊரில் ஒரே அலுமாரியில் எல்லாவற்றையும் வைக்காதே என்று நான் விளக்கத் தேவையில்லை. ஃபிளாக் கோப்புக்குள்ளேயே தன்னைத் தான் சரிபார்க்கும் எண் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் சோதிக்க விடுங்கள். சினிமாப் பாட்டை இணையத்தில் ஏற்ற வேண்டாம், அது உங்களுடையது இல்லை. ஊர்க் கலைஞர்களும் கோயில்களும் வெளியிட்டதற்கு அவர்களிடம் எழுத்தில் ஒரு சம்மதம் வாங்கினால் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்து வைக்கிற நூலக நிறுவனத்தின் ஆவணகத்துக்குக் கொடுக்கக் கேட்டுப் பார்க்கலாம். சீடிகளை எறியாதீர்கள், ஈரச் சுவரில்லாத அறையில் நிமிர்த்தி அடுக்குங்கள்.

பேரே இல்லாத டிஸ்க்குகள் கடைசியில் ஒரு கட்டு மிஞ்சும். நான் அவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் நிலையத்தில் ஸ்பீக்கரில் போட்டு, பத்திரிகை பார்க்க வந்த பெரியவர்களைக் கேட்கச் சொன்னேன். ஒரு ஐயா பேப்பரை மடிக்காமலே, தோடி தொடங்கி அரை நிமிடத்தில் வாசிக்கிறவரின் பேரையும் எந்தத் திருவிழா என்பதையும் சொன்னார், பக்கத்தில் இருந்தவர் அந்தத் திருவிழா இல்லை, அதற்கு அடுத்த வருடம் என்று சண்டைக்கு வந்தார். இரண்டையும் எழுதிக்கொண்டேன். 23 டிஸ்க்கில் 15க்குப் பேர் கிடைத்தது, மிச்சம் எட்டும் இன்னும் "தெரியாது" என்ற அடைவில்தான் இருக்கின்றன.